பதினோரு மணிக்கு மேல் கால் கட்டணம்

ராத்திரி பதினோரு மணி ஆனதும் எங்கள் தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறக்கும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளையை இடுப்பில் சாய்த்துக்கொண்டு பெண்கள் வருவார்கள். லாரி புக்கிங் ஆபீஸ் கணக்கப்பிள்ளைகள் வருவார்கள். மில்லில் இரண்டாம் ஷிப்ட் முடித்தவர்கள் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, எண் எழுதிய துண்டுச் சீட்டோடு சித்தப்பாவின் எஸ்.டி.டி. பூத் வாசல் பெஞ்சில் இடம் பிடிப்பார்கள். பதினொன்றுக்கு மேல் கால் கட்டணம். பகலில் பம்பாய்க்கு நிமிடத்துக்கு முப்பது ரூபாய்க்கு மேல் ஓடுகிற மீட்டர், அந்த நேரத்தில் எட்டுப் பத்து ரூபாயோடு அடங்கிவிடும்.

ஊர் கோவில்பட்டி. வருடம் 1993. எனக்குப் பன்னிரண்டு வயது.

சித்தப்பா மேஜைக்குப் பின்னால் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். எதிரே மீட்டர் பெட்டி. அதில் சிவப்பு எண்கள் ஏறிக்கொண்டே இருக்கும். பேசி முடித்ததும் பக்கத்திலிருக்கும் குட்டி பிரிண்டர் கரகரவென்று ஒரு சீட்டைத் தள்ளும். கண்ணாடிக் கூண்டுக்குள் கையகல மின்விசிறி ஒன்று. சுவரில் என் கையெழுத்தில் ஒரு அட்டை: சென்னை 044, மதுரை 0452, பம்பாய் 022, டில்லி 011, சவுதி 00966. இன்றைக்கும் என் சொந்த செல்போன் எண்ணைச் சொல்லத் தடுமாறுகிறேன். அந்த அட்டையை மட்டும் மேலிருந்து கீழாக ஒப்பிப்பேன்.

கூண்டுக் கதவைச் சாத்தினாலும் பேச்சு வெளியே கேட்கும். தாராவியில் மகன் இருக்கும் ஒரு அம்மா, பம்பாய் வரை கேட்க வேண்டும் என்று முழுக் குரலில் கத்துவாள். சிலர் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மீட்டரிலேயே வைத்திருப்பார்கள். கையில் இருபது ரூபாய்தான் இருக்கும். பதினெட்டைத் தாண்டியதும் "சரி, வச்சிருதேன்" என்று பாதி வார்த்தையில் வைத்துவிடுவார்கள். ஒரு பெண் மாதத்துக்கு ஒரு முறை வருவாள். எண்ணைப் போட்டுவிட்டு எதுவும் பேசாமல் அழுதுகொண்டே நிற்பாள். அவள் உள்ளே போனதும் சித்தப்பா டேப் ரிக்கார்டரின் சத்தத்தைக் கூட்டி வைப்பார். ஏன் கூட்டுகிறார் என்று ஒரு நாள் கேட்டேன். "எலே, அழுகைக்கும் மீட்டர் ஓடுது. அதைக் கேக்கதுக்கு வேற ஆள் வேணுமா?" என்றார்.

அதற்கு முந்தைய டிரங்க் கால் காலம் எனக்கு அப்பா சொல்லித்தான் தெரியும். தபாலாபீசில் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. காலையில் பதிந்த கால் சாயங்காலம் கிடைத்தால் அதிர்ஷ்டம். லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே 1960லேயே எஸ்.டி.டி. வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு வந்து சேர முப்பது வருடம் பிடித்தது. 1984இல் அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் தொடங்கி, சாம் பிட்ரோடாவும் அவருடன் இருந்த இளைஞர்களும் ஏ.சி. இல்லாமலேயே ஓடக்கூடிய 128 இணைப்பு எக்ஸ்சேஞ்சைச் செய்தார்கள். கரிசல் காட்டு வெயிலில் ஒரு கிராமத்து அறைக்குள் அந்தப் பெட்டி தாக்குப்பிடித்தது. நாடு முழுக்க எஸ்.டி.டி. பூத்தின் மஞ்சள் போர்டுகள் முளைத்தன.

பூத் உரிமம் கொடுக்கும்போது உடல் ஊனமுற்றோருக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கும் விதவைகளுக்கும் முன்னுரிமை தந்தார்கள். சித்தப்பாவுக்கு மூன்று வயதில் போலியோ. இடது கால் சூம்பியது. எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க் வாங்கியும் அவரை எந்தத் தீப்பெட்டி ஆபீசிலும் கணக்கு எழுதக்கூடச் சேர்க்கவில்லை. மாடிப்படி ஏற முடியாது என்றார்கள். 1991இல் உரிமம் வந்த நாளன்று ஆச்சி செண்பகவல்லி அம்மன் கோயிலுக்குப் போய் மாவிளக்கு வைத்துவிட்டு வந்தாள். கல்யாணத்துக்கு யாரும் பெண் தராத வீட்டுக்கு அந்த வருடமே மூன்று ஜாதகம் வந்தது. எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த அந்த மஞ்சள் போர்டைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் எனக்கு முதலில் நினைவு வரும். எங்கள் சித்தியைக் கொண்டு வந்து சேர்த்தது அந்த போர்டு.

அப்பா அடுத்த தெருவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். பதினான்கு மெஷின். ஒன்பது இங்கிலீஷ், ஐந்து தமிழ். ரெமிங்டனும் ஹால்டாவும் கோத்ரெஜும் கலந்து கிடக்கும். காலை ஆறு மணிக்கு முதல் பேட்ச். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே. தமிழுக்கு யளனகபக. பதினான்கு மெஷினும் ஒரே நேரத்தில் ஓடினால் தகரக் கூரையில் ஐப்பசி மழை இறங்குவது போலிருக்கும். தமிழ் டைப்ரைட்டருக்கு வடிவம் தந்த யாழ்ப்பாணத்து ரா. முத்தையாவின் பெயரை அப்பா முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார். மறந்த பிள்ளையை மறுநாள் ஒரு பக்கம் கூடுதலாக அடிக்க வைப்பார்.

லோயருக்கு நிமிடத்துக்கு முப்பது வார்த்தை, ஹையருக்கு நாற்பத்தைந்து. பரீட்சைக்கு முந்தின நாள் மெஷின்களைச் சாக்கில் சுற்றி வண்டியில் ஏற்றிப் பரீட்சை மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நடுவில் ஒரு மேடு பள்ளம் வந்தால் அப்பா பிள்ளையைப் பிடிப்பது போல மெஷினைக் கட்டிப் பிடித்துக்கொள்வார்.

1994 சித்திரையில் எங்கள் வீட்டில் ஒரு கூட்டம் நடந்தது. பூத்துக்குப் பக்கத்துக் கடை விலைக்கு வந்திருந்தது. அதை வாங்கினால் இன்னும் இரண்டு கூண்டு போடலாம், ஃபேக்ஸ் வைக்கலாம். அப்பாவும் அதே நேரத்தில் நான்கு புதிய தமிழ் மெஷின் வாங்கப் பணம் தேடிக்கொண்டிருந்தார். ஆச்சியிடம் ஒரே ஒரு இரட்டைவடச் சங்கிலி இருந்தது. யாருக்குக் கொடுப்பது என்பதுதான் பேச்சு.

பேங்க்கில் வேலை பார்த்த மாமாவின் வார்த்தைக்கு எங்கள் வீட்டில் மதிப்பு அதிகம். பேங்க்குகளுக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவருவது பற்றிய ரங்கராஜன் கமிட்டி அறிக்கைக்குப் பிறகு பேங்க்குகளில் என்ன நடக்கிறது என்பதை அவர் பக்கத்திலிருந்து பார்த்தவர். "அத்தான் கோவிச்சுக்கிடக் கூடாது. எங்க பிராஞ்சுலயே கம்ப்யூட்டர் வந்துட்டு. இன்னும் அஞ்சு வருசம்தான். அதுக்கப்புறம் ஒரு பய டைப் கிளாசுக்கு வர மாட்டான். ஆனா போன் அப்படி இல்ல. மனுசன் பேசாம இருப்பானா? பேரன் காலம் வரைக்கும் ஓடும்," என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த நானும் ஆட்டினேன். ஆச்சி சங்கிலியைக் கழற்றிச் சித்தப்பாவிடம் கொடுத்தாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி இன்ஸ்டிட்யூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பதினான்கு மெஷினுக்கும் எண்ணெய் போட்டார். நான் துணி பிடித்துக்கொண்டு கூடவே நின்றேன்.

அந்தக் காலத்து விசிட்டிங் கார்டுகளில் போன் எண்ணுக்குப் பின்னால் "பி.பி." என்று அடைப்புக் குறிக்குள் போட்டிருப்பார்கள். பக்கத்து வீட்டு எண், கூப்பிட்டால் வருவார் என்று அர்த்தம். எங்கள் தெருவிலும் அடுத்த நான்கு தெருவிலும் பாதிப் பேருக்கு சித்தப்பாவின் பூத்துதான் பி.பி. கூப்பிட்டு வருவது என் வேலை. "பத்து நிமிசம் கழிச்சுப் போடுங்க, ஆளைக் கூட்டியாரச் சொல்லுதேன்" என்று சித்தப்பா வைத்ததும் நான் ஓட வேண்டும். அவரால் ஓட முடியாது. எனக்கு அது ஒரு பெருமை, அவருடைய காலாக இருப்பது.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினால் உள்ளே ஒரு கணம் சத்தமே இருக்காது. தந்தி என்றாலும் போன் என்றாலும் அந்த நாளில் முதலில் சாவுதான் நினைவுக்கு வரும். அதனால் கதவைத் தட்டும்போதே "நல்ல சேதிதான், நல்ல சேதிதான்" என்று சொல்லிக்கொண்டே தட்ட வேண்டும் என்று சித்தப்பா பழக்கியிருந்தார். கெட்ட சேதி என்றால் என்னை அனுப்ப மாட்டார். கடையை என்னிடம் விட்டுவிட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு அவரே போவார். அவர் படியிறங்குவதைப் பார்த்தாலே பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். எந்தத் திசையில் திரும்புகிறார் என்று தெரு முழுக்கப் பார்க்கும்.

நல்ல சேதிக்குக் கடலை மிட்டாய் கிடைக்கும். ஒரு வருடத்தில் நான் தின்ற கடலை மிட்டாய்க்கு அளவே கிடையாது. பேரன் பிறந்ததற்கு, மில்லில் வேலை நிரந்தரமானதற்கு, துபாய் விசா வந்ததற்கு.

1995 ஜூலை 31ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு, டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை செல்போனில் கூப்பிட்டுப் பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு அதுதான். சித்தப்பா அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்து வெட்டி வைத்துக்கொண்டார். அடுத்த வருடம் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி சென்னையிலிருந்து ஒரு செல்போனோடு வந்தார். கோவில்பட்டியில் அதற்கு சிக்னல் கிடையாது. ஆனாலும் சட்டைப் பையில் வைத்திருந்தார். பூத்துக்கு வந்து பம்பாய்க்குப் பேசிவிட்டு, அந்தக் கருவியை மேஜைமேல் வைத்தார். சித்தப்பா கையில் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். விலை கேட்டார். நிமிடத்துக்கு எவ்வளவு என்று கேட்டார். பதினாறு ரூபாய். நாம் பேசினாலும் பதினாறு, நம்மை யாராவது கூப்பிட்டாலும் பதினாறு.

"கூப்பிடுதவனும் குடுக்கணும், எடுக்கவனும் குடுக்கணுமா?" என்று சித்தப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்கு நம்பவே முடியவில்லை. முதலாளி போனதும் சித்தப்பா ஒரு நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "இது மோதிரம் மாதிரி. இருக்கவன் போட்டுக்கிடுவான். நம்ம பெஞ்சு காலியாகாது," என்றார்.

அவர் சொன்னதை நினைத்து இன்று யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வரும். அமெரிக்காவில் பெல் டெலிபோனின் வாரிசான ஏ.டி. அண்ட் டி., உலகப் புகழ்பெற்ற ஆலோசனை நிறுவனமான மெக்கின்சியிடம் 1980களின் தொடக்கத்தில் இதே கேள்வியைக் கேட்டது. 2000ஆம் ஆண்டில் எத்தனை செல்போன் இருக்கும்? ஒன்பது லட்சம் என்று பதில் வந்தது. 2000இல் அமெரிக்காவில் மட்டுமே பத்துக் கோடிக்கு மேல் இருந்தது. நம் அரசாங்கம் 1999இல் ஒரு புதிய தொலைத்தொடர்புக் கொள்கை வெளியிட்டது. 2010க்குள் நூறு பேருக்குப் பதினைந்து போன் என்பது அதில் இலக்கு. துணிச்சலான இலக்கு என்றுதான் அன்றைக்குப் பேசினார்கள். 2010 வந்தபோது நூறு பேருக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. டில்லியில் உட்கார்ந்து கொள்கை எழுதியவர்களுக்கும் தெரியவில்லை. கோவில்பட்டியில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவருக்கும் தெரியவில்லை. டில்லிக்காரர்கள் யாரும் ஆச்சியின் சங்கிலியை அடகு வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் பங்குக்கும் ஒரு தப்பு இருக்கிறது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. 2000இல் நான் மதுரையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். 1995 சுதந்திர தினத்தன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டிருந்தது. ஐந்து வருடத்தில் மதுரை டவுன்ஹால் ரோடு பக்கமெல்லாம் பிரவுசிங் சென்டர். ஒரு மணி நேரத்துக்கு முப்பது, நாற்பது ரூபாய். திங்கள்கிழமை காலையில்கூட உள்ளே இடம் கிடைக்காது. மேலூர் பக்கத்துக் கிராமங்களில் ஐ.ஐ.டி. சென்னை ஆட்கள் வந்து, கம்பியில்லாத இணைப்பில் கிராமத்துக்கு ஒரு இன்டர்நெட் கியாஸ்க் வைக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. டாக்டருக்கு அங்கிருந்தே கண்ணைப் படம் பிடித்து அனுப்பிக் காட்டலாம் என்றார்கள். அதைப் பற்றிக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதுதான் இனி என்று நினைத்தேன். ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு கியாஸ்க், ஒவ்வொரு தெருவிலும் ஒரு பிரவுசிங் சென்டர், ஜனங்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து முறை வந்ததும் உள்ளே போவார்கள்.

லீவுக்கு ஊருக்கு வந்து சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டேன். மூன்று கூண்டில் இரண்டை எடுத்துவிட்டு நாலு கம்ப்யூட்டர் போடச் சொன்னேன். அவர் தயங்கினார். "எனக்கு அது தெரியாதே" என்றார். நான் விடவில்லை. காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். நாலு கம்ப்யூட்டர், நாளுக்கு எட்டு மணி நேரம், மணிக்கு முப்பது. பதினெட்டு மாதத்தில் கடன் அடைந்துவிடும். படித்த பையன் சொல்கிறான் என்று 2001இல் ஒன்றரை லட்சம் கடன் வாங்கினார். கண்ணாடிக் கூண்டு இரண்டையும் கழற்றிய அன்று ராத்திரி பெஞ்சில் வழக்கம்போல் ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மீதி ஒரே கூண்டு. ஒரு மணி வரை வரிசை போகவில்லை.

நான் பெஞ்சை நினைத்திருந்தேன். பெஞ்சு இல்லாமலேயே இன்டர்நெட் வீட்டுக்குள் வரும், பிறகு சட்டைப் பைக்குள் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. மேலூர்ப் பக்கத்து கியாஸ்க்குகளிலும் பெரும்பாலானவை சில வருடங்களில் மூடப்பட்டன. அவற்றை நடத்திய இளம்பெண்களும் பையன்களும் கடன் வாங்கிப் போட்டவர்கள்தான். அவர்களை நினைக்கும்போது எனக்கு சித்தப்பாவின் முகம்தான் வருகிறது.

பிறகு எல்லாம் இரண்டே வருடம். 2002 ஜனவரியில் எஸ்.டி.டி. கட்டணம் பாதிக்கும் கீழே இறங்கியது. இனி பகலிலும் பேச வருவார்கள் என்று சித்தப்பா சந்தோஷப்பட்டார், வரவும் செய்தார்கள். அந்தக் கோடை முழுக்கக் கூட்டம். 2003 மே மாதத்திலிருந்து செல்போனில் வருகிற அழைப்புக்குக் காசு இல்லை என்று ஆனது. சித்தப்பா 1996இல் நம்ப மறுத்த அந்த ஒரு விஷயம், எடுக்கிறவனும் கொடுக்க வேண்டும் என்பது, ஒரே நாளில் இல்லாமல் போயிற்று. ஜூலையில் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்கு போன் கொடுத்தது. லாரி புக்கிங் ஆபீஸ்காரர்கள் முதலில் வாங்கினார்கள். அடுத்தது மில்காரர்கள். தாராவி அம்மாவுக்கு மகன் தீபாவளிக்கு வரும்போது ஒன்று வாங்கி வந்தான். அதைக் காட்டுவதற்காகவே அவள் பூத்துக்கு வந்தாள். "தம்பி, இதுல எப்படிப் பேசணும்னு சொல்லிக் குடு" என்று சித்தப்பாவிடம் கேட்டாள். அவர்தான் சொல்லிக் கொடுத்தார். கத்த வேண்டாம், மெதுவாகப் பேசினாலே கேட்கும் என்றும் சொன்னார்.

பெஞ்சு காலியான பிறகு கொஞ்ச நாள் ஜெராக்ஸ் போட்டார். ரீசார்ஜ் கார்டு விற்றார். 2006 மார்ச்சில் இந்தியாவில் எங்கே பேசினாலும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்று ஆனபோது, பதினோரு மணி வரை விழித்திருக்க எவருக்கும் காரணம் இல்லாமல் போனது. அந்த வருடம் ஆடியில் பூத்தை மூடினார். கம்ப்யூட்டர்க் கடனை அடைக்க, 1994இல் வாங்கிய பக்கத்துக் கடையை விற்றார். என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. நானும் அதைப் பற்றிப் பேச்செடுத்ததில்லை. எடுத்திருக்க வேண்டும்.

அப்பாவின் இன்ஸ்டிட்யூட்டுக்கு மாமா கொடுத்த ஐந்து வருடம் 1999இல் முடிந்தது. மெஷின் செய்த கோத்ரெஜே 2009 வாக்கில் நிறுத்திவிட்டது. ரிப்பன் கிடைப்பது கஷ்டம். மெக்கானிக்குகள் அருகிவிட்டார்கள். ஆனால் அரசு தட்டச்சுத் தேர்வு நின்றபாடில்லை. டி.என்.பி.எஸ்.சி. டைப்பிஸ்ட் வேலைக்கு லோயர், ஹையர் சான்றிதழ் இன்னமும் கேட்கிறார்கள். அதனால் கரிசல் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் இன்னமும் முதல் பஸ்ஸில் வருகிறார்கள். பெரும்பாலும் பெண்பிள்ளைகள். அப்பா 2012இல் போய்விட்டார். இப்போது மதினி நடத்துகிறாள். பதினான்கில் பதினொரு மெஷின் ஓடுகிறது. காலை ஆறு மணிக்கு யளனகபக.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. கேஸ் லைட்டர் வந்தபோது தீப்பெட்டி ஒழிந்தது என்று சொல்லாத ஆள் கிடையாது. சிறு வயதில் நான் கேட்ட கணிப்புகளிலேயே அதிகம் கேட்டது இதுதான். ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனது; இன்னமும் கோவில்பட்டியிலிருந்தும் சாத்தூரிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் வடக்கே லாரி போகிறது. தொழில் சுகமாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மலிவு லைட்டர் அதைக் கடித்துக்கொண்டேதான் இருந்தது. 2023இல் மத்திய அரசு இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியைத் தடுத்த பிறகு கொஞ்சம் மூச்சு விட்டார்கள். ஆனாலும் எங்கள் தெருவில் போகும் என்று சொன்னது நிற்கிறது. நிற்கும் என்று சொன்னதுதான் போயிற்று.

போனது பூத் மட்டுமாக இருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். கதவைத் தட்டி "நல்ல சேதிதான்" என்று சொல்லும் பையன் இப்போது எந்தத் தெருவிலும் இல்லை. அடுத்த வீட்டில் குழந்தை பிறந்ததை மூன்றாம் நாள் குப்பை வண்டிக்காரர் சொல்லித் தெரிந்துகொள்கிறேன். பேச்சு மலிவானது பெரிய நன்மை. மாதம் ஒரு முறை வந்து அழுதுவிட்டுப் போன அந்தப் பெண்ணின் மகள் இன்று தன் புருஷனை தினமும் முகம் பார்த்துப் பேசுகிறாள். அதை யாரும் குறை சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அழுகிறவளுக்காக டேப் ரிக்கார்டர் சத்தத்தைக் கூட்டி வைக்க ஒரு மனிதர் வெளியே உட்கார்ந்திருந்தார். அவருக்கு இன்றைய ஏற்பாட்டில் இடமே இல்லை.

சித்தப்பா 2016இல் காலமானார். பதினாறாம் நாள் சித்தி ஒரு தகரப் பெட்டியைத் திறந்து சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மீட்டர் பெட்டி, துணியில் சுற்றி. ஜோதி பாசு பேசிய செய்தித்தாள் துண்டு. என் கையெழுத்து அட்டை. அடியில் கடன் நோட்டு. பேசிவிட்டுக் காசு கொடுக்க முடியாதவர்களின் கணக்கு: ரூபாய் 11.40, ரூபாய் 7.20, ரூபாய் 26. பேர் எழுதவில்லை. "கிணத்துத் தெரு", "மில் காலனி", "அழுகிற பிள்ளை" என்று அவர் வைத்த அடையாளம்தான்.

கடைசிப் பக்கங்களில் ஒன்றில் "செல்போன், 1996" என்று தலைப்புப் போட்டு அடிக்கோடு இட்டிருந்தார். அன்று முதலாளி போன பிறகு எழுதியது. கருவி முப்பதாயிரம், மூன்று வருடம் உழைக்கும் என்று வைத்தால் மாதத்துக்கு 833. நாம் பேசுவது நாளுக்கு ஐந்து நிமிடம், நம்மிடம் பேசுவது ஐந்து நிமிடம், நிமிடம் பதினாறு, ஆக நாளுக்கு 160. மாதத்துக்கு 4,800. மொத்தம் 5,633. அதற்குக் கீழே: தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளைக்குச் சம்பளம் 1,500. அதற்கும் கீழே, "பயம் இல்லை."

சித்தி பார்த்துக்கொண்டிருக்க நான் ஒவ்வொரு வரியாகக் கூட்டியும் பெருக்கியும் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.